பெரியப்பா கை நனைத்த வீடு

பகல் பன்னிரண்டரைக்கு ஒரு மனிதன் தன்னந்தனியாக உட்கார்ந்து, அளந்து வைத்த சோற்றை அளந்து வைத்த நேரத்தில் சாப்பிடுவதற்கு என் மருத்துவர் வைத்திருக்கும் பெயர் ஒழுக்கம். மனைவி போன பிறகு வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருப்பதை ஒருவர் ஒழுக்கம் என்று சான்றளிப்பது ஆறுதலாகத்தான் இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலமெல்லாம் அடுத்தவர்களின் கையெழுத்துக்குச் சான்றளித்தே ஓய்வு பெற்றவன் நான். சான்றுகளின் மதிப்பு எனக்குத் தெரியும்.

சர்க்கரை விஷயத்தில் என்னிடம் யாரும் குறை காண முடியாது. விரலை நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டைத்தான் சோதனைப் பட்டையில் வைக்க வேண்டும். செருப்புக்குள் கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை விட வேண்டும். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் மிட்டாய் இருக்க வேண்டும். பெரம்பலூரில் காலையில் என்னோடு மைதானத்தைச் சுற்றும் ஓய்வூதியக்காரர்கள் எல்லோருடைய பையிலும் மிட்டாய் இருக்கிறது. யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் போன மாதம் ஒரு நாள் தவறிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பில் எரிவாயு தீர்ந்துபோயிற்று. சிலிண்டர்காரனுக்குத் தொலைபேசியில் விதிமுறைகளை விளக்கிக்கொண்டிருந்தபோதே கை நடுங்கத் தொடங்கி, பனியன் நனைந்துவிட்டது. நல்லவேளை, பையில் மிட்டாய் இருந்தது. மறுநாள் மருத்துவரிடம் சொன்னேன். என் மகன் வயதுதான் அவருக்கு. பொறுமையாகச் சொன்னார்.

“சார், மாத்திரையை மறந்தா சர்க்கரை ஏறும். மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பாட்டை மறந்தா எறங்கும். நடுக்கம், வேர்வை எல்லாம் எறங்குறதுக்குத்தான். மாத்திரையே போடாத நாள்ல, சோறு கொஞ்சம் லேட்டானதுக்கெல்லாம் இப்படி நடுங்காது சார்.”

“எனக்குத் தெரியும்” என்றேன். வெளியே வந்து படி இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த அம்மாள், “என்னங்க, மயக்கமா?” என்று கேட்டார். மயக்கமில்லை. பெரியப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டு ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் குடியிருந்தார்கள். பெரியம்மா நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். பெரியப்பாவுக்கு ஒரே மகள், எனக்கு அக்கா முறை. அந்த வீட்டில் மூன்றாவதாக இருந்தது பெரியப்பாவின் சர்க்கரை. அப்போது எங்கள் ஊரில் அது பணக்கார வியாதி. பெரியப்பாவிடம் பணம் இல்லாததால் வெகு நாள் அவருக்கு அது வந்திருப்பதை யாரும் நம்பவில்லை.

அந்த வியாதியை முழுவதும் நடத்தியவள் அக்காதான். அரியலூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டரிடம் ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டு வந்து, கடைசிவரை பிசகாமல் செய்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, பெரியப்பாவின் சிறுநீரில் சில சொட்டு விட்டு, சிம்னி விளக்கில் காட்டுவாள். நிறம் நீலமாகவே இருந்தால் பெரியப்பாவுக்கு ஒரு கரண்டி சோறு கூடுதல். பச்சை என்றால் பேச்சு இல்லை. மஞ்சள் என்றால் வசவு. செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் அவள் வசவுகூடச் சொல்ல மாட்டாள். குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அது பெரிய வேடிக்கை. நிறம் மாறுவதற்கு முன்பே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன்.

நாளுக்கு ஒரு மாத்திரை. பகல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். போட்டால் நேரத்துக்குச் சோறு உள்ளே போக வேண்டும். ஊரில் மற்ற ஆண்கள் வயலிலிருந்து வந்து குளித்து, கூடி உட்கார்ந்து சாப்பிடுவது மதியம் சாய்ந்த பிறகு. பெரியப்பா மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத் தனியாகச் சாப்பிடுவார். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்குக் காத்திருக்க, அவர் வீட்டிலேயே கோதுமைக் கஞ்சி குடித்துவிட்டு வந்து வெறுமனே நிற்பார். வீட்டில் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் யோசித்ததில்லை.

ஒரு முறை அறுவடைச் சமயத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். என் அம்மா சோறு அனுப்புவதாகச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். பார்ப்பதில்தான் நம்பிக்கை கிடையாது. சோறு போவதற்குள் பெரியப்பா வேர்த்துக் கொட்டி, அப்பாவைப் பார்த்து, “யார்யா நீ? எங்க வூட்டுல உனக்கு என்ன வேல?” என்று கத்தி, கையில் இருந்த சொம்பை வீசிவிட்டார். அது அப்பாவின் காதோரம் போயிற்று. அக்கா காய்ச்சலோடு எழுந்து வந்து அவர் வாயைப் பிளந்து வெல்லத்தைத் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா நிதானமாகி, “எல்லாரும் ஏன் இப்படி நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா பிடிவாதக்காரி ஆனாள். அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. சம்பந்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பெரியப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் போய், ஏதாவது ஒரு குறை சொல்லித் திரும்பிவிடுவார். ஒரு வீட்டில் கிணறு உப்பு, ஒரு வீட்டில் மாப்பிள்ளை முன்கோபி. ஊர் சும்மா இருக்குமா? “களி கிண்ட ஆளு வேணும்னு பொண்ண வூட்டோட வச்சிக்கிட்டான்” என்று டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள்.

உண்மை வேறு. அது எனக்கும் அந்த வீட்டுச் சுவருக்கும்தான் தெரியும். அக்கா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“நான் போயிட்டா உங்களுக்கு யாருப்பா மணி பாத்துச் சோறு போடுவா? சித்தி போடுமா?”

“அதெல்லாம் நான் பாத்துக்குவேன்.”

“என்னத்தப் பாப்பீங்க? சொம்ப வீசிட்டு, எங்க போச்சுன்னு பாப்பீங்க. என் தலையில கை வச்சிச் சொல்லுங்க. எவன் வந்து கேட்டாலும் உங்க வாயால சரின்னு சொல்லக் கூடாது.”

பெரியப்பா அவள் தலையில் கை வைத்து, “என் வாயால சரின்னு சொல்ல மாட்டேன், போதுமா?” என்றார். பிறகு, “கழுத!” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெரம்பலூரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அப்பாவும் பெரியப்பாவும் புறப்பட்டார்கள். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையாகப் போகக் கூடாது என்பதற்காக என்னையும் சேர்த்து மூன்று பேராக்கினார்கள். ஆள் என்ற முறையில் அல்ல, எண்ணிக்கை என்ற முறையில் போனேன். கிளம்புவதற்கு முன் அப்பா என் காதைத் திருகிக்கொண்டு, “அங்க வந்து சர்க்கர, மாத்திரன்னு வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்” என்றார். சீக்குக்காரக் குடும்பம் என்று தெரிந்தால் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

அக்கா அன்றைய மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பெரியப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். “பெரம்பலூருக்குத் திரும்பி வந்து மெஸ்ஸுல உக்காந்தப்புறம் போடுங்க. அங்க போட்டுடாதீங்க. அவங்க பேசுனா பேசிக்கிட்டே இருப்பாங்க.” பெரியப்பா தலையாட்டினார்.

அந்தக் காலத்தில் சம்பந்தம் பேசப் போன இடத்தில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். சம்மதம் எழுத்தாலும் இருக்கலாம், சொல்லாலும் இருக்கலாம், நடத்தையாலும் இருக்கலாம் என்று பிற்காலத்தில் நான் சட்டத்தில் படித்தேன். எங்கள் பக்கத்து ஆட்கள் அதைப் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கை நனைத்த பிறகு மறுத்தால் அது மறுப்பு ஆகாது, அவமானம் ஆகும்.

வாலிகண்டபுரத்து வீட்டில் தரகரும் இருந்தார். உள்ளே சாம்பார் தாளிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. கை நனைப்பார்கள் என்ற நம்பிக்கையில் முழுச் சமையலே செய்து வைத்திருந்தார்கள். காப்பி வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் தனி டம்ளரில் வந்தது. பெரியப்பா அந்த டம்ளரைப் பார்த்ததை நான் பார்த்தேன். பேச்சு நிலம், நீர், மாப்பிள்ளையின் சம்பளம் என்று நகர்ந்தது. பன்னிரண்டு மணி அடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா உள்வாசலில் வந்து நின்று, “ஏங்க, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போங்க” என்றார்கள்.

“சம்பந்திமாருங்க உக்காந்திருக்காங்கல்ல?”

“இருக்கட்டும். வாங்க.”

அவர் எழுந்து போனார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கதவிடுக்கில் தெரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை அசையவில்லை. கோதுமைக் கஞ்சி வாடை எனக்குப் பழக்கமானது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது தான் மட்டும் தனியாகத் தின்கிறாரே, பெரிய தீனிக்காரர்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, “காலு கழுவணும்” என்று என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து நான் மொண்டு கொடுக்க, முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விட்டுக்கொண்டார். துண்டை நீட்டினேன். “வேணாம், இருக்கட்டும்” என்றார். திரும்பி வந்ததும் அப்பாவின் காதருகில் குனிந்து, “மாத்திர போட்டுட்டேன்” என்றார்.

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. “இங்கயேவா? ஏண்ணே! மெஸ்ஸுக்கு எந்நேரத்துக்குப் போறது?”

“சீக்கிரம் பேசி முடி.”

அப்பா எழுந்து கும்பிட்டார். அவர்கள் விடவில்லை. தரகர், “பஸ்சு இன்னும் வரலீங்க, வெயில்ல போயி எங்க நிக்கப் போறீங்க?” என்றார். “ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகணும்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க” என்றார் அப்பா. இப்படியே மாறி மாறி மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். கடிகார முள் நகர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று பெரியப்பாவின் கை நாற்காலியில் தடதடவென்று அடித்துக்கொண்டது. நெற்றியிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண் ஒரு பக்கமாகச் செருகியது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். தோலை உரிக்கும் பார்வை அது. வாயைத் திறந்தால் அக்காவின் கல்யாணம் போய்விடும். திறக்காவிட்டால் பெரியப்பா போய்விடுவார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் அப்பா. “வெயிலு. வெயில்ல வந்தாரு.”

மாப்பிள்ளையின் அம்மா உள்ளேயிருந்து வந்து பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார்கள். மறுபேச்சில்லாமல் போய் ஒரு பெரிய டம்ளர் நிறையப் பாயசத்தோடு திரும்பினார்கள்.

“குடிங்கண்ணே. மொதல்ல குடிங்க.”

“ஐயோ, வேணாங்க, வெயிலுதான்...” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்க. எனக்குத் தெரியாத வெயிலா? எங்க வூட்டு மனுசனுக்கும் இதே வெயிலுதான், பல வருசமா!”

“அடியே!” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“என்ன அடியே? ஒரு உசுரு போயிட்டிருக்கு, மறைக்கிறதுக்கு இதான் நேரமா?”

பெரியப்பா நடுங்கிய கைகளைக் கூப்பி அந்த அம்மாளை ஒரு கும்பிடு கும்பிட்டார். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கீழே ஒரு சொட்டு சிந்தாமல், அடிவரை குடித்தார்.

சர்க்கரையை ஒளித்து வைத்திருந்த இரண்டு குடும்பங்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தரகர்தான் முதலில் தெளிந்தார். “அப்பறம் என்ன? கை நனைஞ்சிடுச்சு! எலையப் போடுங்க!”

இலை போட்டார்கள். பெரியப்பா பந்தியில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆண்கள் நாலு பேரோடு அவர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். பேசிக்கொண்டே சாப்பிட்டார், சிரித்தார், ரசத்துக்கு மறுசோறு வாங்கினார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பா ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“சத்தியம் பண்ணுனீங்களேப்பா.”

“என் வாயால ஒரு வார்த்த சொல்லலம்மா. வேணும்னா உன் சித்தப்பனக் கேளு.”

“எங்க சொல்றது?” என்றார் அப்பா. “பேசுற நெலமையிலயா இருந்தாரு? அந்தம்மா மட்டும் இல்லன்னா இந்நேரம் தூக்கிட்டுத்தான் வந்திருக்கணும். உசுரக் காப்பாத்துன வூட்டுக்குப் போயி வேணாம்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?”

அக்கா உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது. அக்கா போன பிறகு பெரியப்பா தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பகலில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “டேய், மணி என்னன்னு வந்து பாத்துச் சொல்லிட்டுப் போடா” என்று என்னைக் கூப்பிடுவார். கடிகாரம் அவர் எதிரிலேயேதான் இருக்கும். நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, விளையாட ஓடிவிடுவேன். சில வருடங்கள் கழித்து அக்காவுக்கும் சர்க்கரை வந்தது. அவளுடைய மாமியார் கண் மூடும்வரை பகல் பன்னிரண்டு மணிக்கு மருமகளையும் உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாராம். இப்போது அக்காவின் மருமகள் எதிரில் உட்காருகிறாள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். என்னவோ கேட்க நினைத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

கேட்க நினைத்தது, வாலிகண்டபுரத்திலிருந்து திரும்பிய அன்று மாலை நடந்ததைப் பற்றித்தான். பெரியப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்து ஆணியில் மாட்டச் சொன்னார். பையில் ஏதோ நெருடியது. எடுத்துப் பார்த்தேன். காலையில் அக்கா மடித்த மடிப்புக் கலையாத காகிதம். உள்ளே மாத்திரை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. மாத்திரை போட மறந்துவிட்டார். அதனால்தான் நடுக்கம் வந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அவரிடம் நீட்டினேன். “பெரியப்பா, நீங்க போடவே இல்ல!” பெரியப்பா அடுக்களைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். என் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். “இப்பப் போட்டாச்சுல்ல” என்றார். சட்டையை மாட்டிவிட்டு வந்தேன்.

அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பின்னாளில் என் பிழைப்பாக இருந்தது. இருந்தும் அசல் நடுக்கத்தில் சொம்பு வீசியவர் நகல் நடுக்கத்தில் கைகூப்பினார் என்பதை, எனக்கே பனியன் நனைந்த பிறகுதான் கவனித்தேன்.

அன்று விளக்கு வைத்த பிறகு அக்கா வழக்கம்போல் குழாயைச் சூடு காட்டினாள். நான் முன்வரிசையில் இருந்தேன். நீலம் பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. நான் அதுவரை பார்த்திராத அடர்ந்த செங்கல் நிறத்துக்குப் போயிற்று. அவள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பெரியப்பா கூடத்தில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

“தம்பி” என்றாள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பா மாத்திர போட்டாராடா?”

“போட்டாருக்கா. நானே பாத்தேன்.”

எந்தக் கேள்வியையும் மணியோடு சேர்த்துக் கேட்பவள் அவள். சாப்பிட்டாரா என்றால் எத்தனை மணிக்கு, தூங்கினாரா என்றால் எத்தனை மணிக்கு. அடுத்து அதைத்தான் கேட்பாள் என்று பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கூடத்தில் படுத்திருந்த முதுகைப் பார்த்தாள். பிறகு குழாயைக் கொல்லையில் கொட்டிக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

எப்போது என்று அவள் கேட்கவில்லை.